ஊழியப் பயணத்தில் குடும்பம் கிடைக்குமா? மலையகம் செல்லும் ஓர் இளைஞருக்குப் பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து இளைஞர் குழுவாக இரண்டு வாரம் இலங்கை மலையகத்துக்கு (தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலைப்பகுதிக்கு) ஊழியப் பயணம் செல்லவிருக்கிறீர்கள். முன்பு இவ்வாறு சென்று வந்தவர்கள் சாட்சி சொல்லும்போதெல்லாம் ‘அங்கே எங்களுக்கு ஒரு குடும்பம் கிடைத்தது’ என்று தழுதழுத்த குரலில் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே நடக்கக்கூடியதா, அல்லது பயணமும் பாட்டும் ஜெபமும் சேர்ந்து சில நாட்களுக்கு உண்டாக்கும் உணர்ச்சிதானா என்றும், உண்மையென்றால் அது வாய்க்க எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்கிறீர்கள்.

நடக்கக்கூடியதுதான். திருச்சபையின் வரலாற்றில் அது பலமுறை நடந்தும் இருக்கிறது. ஆனால் அந்த வரலாற்றைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: வெளிநாட்டில் குடும்பம் கண்டவர்கள் பெரும்பாலும் அந்த ஊராரால் தாங்கப்பட்டவர்கள், அவர்கள் கையில் சோறு வாங்கித் தின்றவர்கள், அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள். கொடுப்பதற்காக மட்டுமே சென்று, கொடுத்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு நன்றியும் மாலையும் கிடைத்தன; உறவு கிடைத்ததாகத் தெரியவில்லை. நீங்கள் செல்லும் அதே தீவிலிருந்து, உங்கள் பக்கத்துத் துறைமுகத்தோடு தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

புனித யோசேப் வாஸ் 1651இல் கோவாவில் பிறந்த கத்தோலிக்கக் குரு. நீங்கள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்த மனிதரைத் தெரிந்துகொள்வதில் நட்டமில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தார்கள். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கிருந்த கத்தோலிக்கர்கள் குருவோ திருப்பலியோ இன்றி, பெற்றோர் சொல்லிக்கொடுத்த ஜெபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தங்கள் விசுவாசத்தை வீட்டுக்குள்ளேயே காத்துவந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட வாஸ், கூலியாளைப்போல உடையணிந்து, யோவான் என்ற உதவியாளுடன் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து 1687இல் கப்பலேறினார். புயலில் சிக்கிய கப்பல் கரை சேர்ந்து, அவர் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது வயிற்றுக்கடுப்பால் நடக்கவும் இயலாத நிலையில் இருந்தார். பிரசங்கம் செய்யப் போனவர் வழியோரத்தில் கிடந்தார் என்பதும், யாரோ ஒரு பெண் இரக்கப்பட்டுக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார் என்பதும் அவரைப் பற்றிய மரபுச் செய்தி. உயிர் தேறியபின் கழுத்தில் ஜெபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். எந்த வீட்டாருடைய கண் அந்த மாலையில் ஒருகணம் நிற்கிறதோ அந்த வீட்டில் மறைவான விசுவாசிகள் இருக்கக்கூடும் என்று கணித்தார் என்றும் சொல்வார்கள்.

அந்த வீட்டார்தான் பின்னர் அவரை மறைத்துவைத்தார்கள். சில்லாலைக் கிராமம் அவருடைய இருப்பிடமாயிற்று. 1689 கிறிஸ்துமஸ் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை டச்சு வீரர்கள் சுற்றி வளைத்தபோது வாஸ் தப்பிவிட்டார். பிடிபட்டவர்களும் தண்டனை பெற்றவர்களும் உள்ளூர் விசுவாசிகளே. இந்த ஒரு செய்தியை உங்கள் குழுவில் எல்லாரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வெளியிலிருந்து வருபவர் போய்விடுவார். அவருக்கு இடம் கொடுத்த வீடு அங்கேயே இருக்கும், அதன் விளைவுகளையும் அதுவே சுமக்கும். வாஸ் பின்னர் கண்டிக்குச் சென்று, அங்கே ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டு, விடுதலையாகி, 1711இல் அங்கேயே இறந்தார். தன் ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. 2015 ஜனவரியில் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

வாஸின் கதை தற்செயலானதன்று. வேதத்தில் ஊழியப் பயணத்துக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கே இதுதான். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எழுபது பேரை அனுப்பும்போது பையும் பாதரட்சையும் எடுத்துப் போகாதபடி சொன்ன ஆண்டவர், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதை உண்டு, வீட்டுக்கு வீடு மாறாமல் இருக்கும்படியும் சொன்னார். பணமும் சாமானும் இல்லாமல் போகிறவன் அந்த ஊராரை நம்பித்தான் இருக்க வேண்டும். பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள், தன்னை விசுவாசியென்று எண்ணினால் தன் வீட்டில் வந்து தங்கும்படி பவுலை வருந்திக் கேட்டுக்கொண்டாள். தன் விசுவாசத்தை அவர் மதிக்கிறாரா என்பதை அவர் தன் வீட்டில் தங்குவதைக்கொண்டே அளந்தாள். அந்தப் பிலிப்பி சபைதான் பின்னர் பவுலின் குறைச்சலில் மறுபடியும் மறுபடியும் பணம் அனுப்பியது. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் ரூபையும் அவனுடைய தாயையும் வாழ்த்தும்போது, அந்தத் தாய் தனக்கும் தாய் என்கிறார் பவுல். அந்த அம்மாள் அவருக்கு எங்கே, எப்போது தாயாக இருந்தார் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பெரிய அப்போஸ்தலனை ஒரு பெண் பிள்ளையாக நடத்தியிருக்கிறாள், அவரும் அதை வெட்கமின்றி எழுதி வைத்திருக்கிறார்.

மாற்கு 10:30ஐ இத்தகைய சாட்சிகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். வீட்டையும் உறவையும் விட்டவனுக்கு இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகளும் சகோதரரும் சகோதரிகளும் தாய்களும் கிடைக்கும் என்ற அந்த வாக்குத்தத்தத்தின் நடுவே ‘துன்பங்களோடேகூட’ என்று ஒரு சொல் இருக்கிறது. மேடையில் அந்தச் சொல்லை வாசிக்கும்போது நாம் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆராதனைக்குச் சென்றவர்களைக் குண்டுகளுக்குப் பறிகொடுத்த தேசத்துக்கு நீங்கள் போகிறீர்கள். அங்குள்ள விசுவாசிகளுக்கு அந்தச் சொல்லை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் விளக்கக் கேட்கலாம்.

அடுத்து, உங்கள் மண்ணின் மனிதர் ஒருவர். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்த வே. சா. அசரியா, இளைஞராக ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் பணியாற்றியபோது 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், தங்கள் கைப்பொருளைக்கொண்டே தங்கள் மிஷனெரிகளை ஆதரித்துக் கடல்கடந்து தமிழகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். திருநெல்வேலித் திருச்சபை எண்ணிக்கையில் பெரியது, பழையது. ஆயினும் அத்தகைய சொந்த மிஷன் அதற்கு அப்போது இல்லை. அந்தக் கேள்வியைச் சுமந்து திரும்பியவர், அடுத்த ஆண்டே, 1903இல், நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கினார். 1909இல் தாமே குடும்பத்தோடு தோர்ணக்கல் சென்று, தெலுங்கு பேசுவோரிடையே மிஷனெரியாக வாழ்ந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கடல்கடந்த ஒரு பயணத்தில் அவர் பெற்றது இவ்வளவு. யாழ்ப்பாணத்தாரைப் பரிதாபத்துக்குரியவர்களாகப் பார்த்துக்கொண்டு போயிருந்தால் அவர் கண்ணில் இது பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

இதே அசரியா 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசியது உங்கள் கேள்விக்கு நேர் விடையாகவே அமைகிறது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடியிருந்த அந்த மண்டபத்தில் ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மனமார மெச்சினார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள் என்று 1 கொரிந்தியர் 13ஐ எதிரொலித்துச் சொல்லிவிட்டு, நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கூட்டத்தில் சிலருக்கு அது கசந்தது. ஆனால் பள்ளியும் மருத்துவமனையும் கட்டிக்கொடுத்து, வாழ்நாள் முழுவதையும் கொடுத்த பின்னும், இந்தியப் போதகரைச் சமமாக உட்காரவைத்து உண்ணாத மிஷனெரி வீடுகள் இருந்தன என்பதை அந்த மண்டபத்தில் இருந்த பலரும் அறிவார்கள். இதில் வெள்ளையரை மட்டும் குறைசொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. இன்று விமானமேறிப் போகும் நாம் மலையகத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அந்த மிஷனெரியின் இடத்தில் நிற்கிறோம். நாற்காலி நமக்குப் போடப்படும், வீட்டுக்காரர் நின்றுகொண்டிருப்பார்.

இனி மலையகத்துக்கு வருகிறேன். அங்கே உங்களுக்கு ஒரு வசதி உண்டு, அதுவே ஓர் ஆபத்தும் ஆகும்: மொழி ஒன்று. கென்யாவுக்கோ கம்போடியாவுக்கோ செல்பவர் தமக்கு அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை முதல் நாளே உணர்ந்துவிடுவார். உங்களுக்கு அந்த உணர்வு வரத் தாமதமாகும். அதே கீர்த்தனையைப் பாடுவார்கள், அதே வேதப்புத்தகத்தை வாசிப்பார்கள், ‘தோத்திரம்’ சொல்லிக் கைகூப்புவார்கள்; நம் ஊரின் ஏழைச் சபை ஒன்றுக்கு வந்திருப்பதாகவே உங்களுக்குத் தோன்றும். அப்படியன்று. அவர்களுடைய இருநூறு ஆண்டு வாழ்க்கை நம்முடையதிலிருந்து வேறானது. காப்பித் தோட்டங்களுக்காகவும், இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் (ஆள்சேர்த்து மேற்பார்ப்பவர்களால்) அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மன்னாரிலிருந்து மலைக்கு நடந்த வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்தப் பங்கீட்டில் ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்கும் ஆனார்கள். இந்தியா வந்தவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் குடியேறினார்கள். தமிழ்நாடு அரசின் ‘டான்டீ’ தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை தரவே தொடங்கப்பட்டன. ஆகவே, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பாட்டி உங்களைப் பார்த்ததும் ‘இந்தியாவுல எந்தப் பக்கம், தம்பி?’ என்று கேட்டால், அது வெறும் நலவிசாரிப்பாக இருக்காது. கடைசியாக எந்த ஆண்டில் கடிதம் வந்ததோ தெரியாத ஒரு தம்பியையோ மகளையோ அவர் விசாரித்துக்கொண்டிருக்கலாம். குடும்பத்தைத் தேடிப் போவதாக நீங்கள் நினைக்கிறீர்கள்; உங்களுக்கு முன்பே அந்த வீடு இக்கரையில் ஒரு குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. உங்கள் குழுவின் நிகழ்ச்சிநிரலில் இதற்கென்று ஒரு மாலை ஒதுக்கினாலும் போதும்: உட்கார்ந்து கேட்டு, ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் குறித்துக்கொண்டு, அவர்கள் விரும்பினால் நீலகிரிச் சபைகளின் போதகர்கள் மூலம் விசாரித்துப் பாருங்கள். உங்கள் நாடகத்தையும் பொம்மலாட்டத்தையும்விட இது பெரிய ஊழியம் என்பேன். எல்லாத் தேடலும் பலிக்காது. ஆகையால் கண்டுபிடித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

விசுவாசத்தையும் நீங்கள் கொண்டுபோகவில்லை என்பது நினைவிருக்கட்டும். 1854லேயே சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரிச் சங்கத்தார் இலங்கைத் தோட்டங்களில் தமிழ் மிஷன் ஒன்றைத் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து சென்ற உபதேசியார்கள் அதில் ஊழியம் செய்தார்கள். நீங்கள் தங்கப்போகும் வீட்டின் விசுவாசம் உங்கள் வீட்டின் விசுவாசத்துக்கு இளையது என்று எண்ண எந்த முகாந்தரமும் இல்லை. இரண்டு வாரத்தில் ஒரு ஞாயிறாவது உங்கள் குழுவினர் யாரும் பிரசங்கிக்காமல், அவர்களுடைய போதகரோ மூப்பரோ பிரசங்கிக்க, நீங்கள் பாயில் உட்கார்ந்து கேளுங்கள். ஜெபக்குறிப்புகளை அவர்களிடம் கேட்பதோடு நிற்காமல், உங்களுடையவற்றையும் சொல்லுங்கள். வேலை கிடைக்காததையோ வீட்டில் இருக்கும் நோயையோ மறைத்துக்கொண்டு, எல்லாம் நிறைந்தவரைப்போல நிற்பவருக்காக யாரும் உள்ளம் உருகி ஜெபிக்க முடியாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் உங்கள் தலையில் கைவைத்து ஜெபிக்கும் நேரம் வருமானால், அப்போது உங்கள் முன்னோடிகள் சாட்சியில் சொன்னது உங்களுக்குப் புரியும்.

தங்குவதைப் பற்றிச் சற்றுக் கறாராகவே சொல்கிறேன். விடுதியில் தங்கிப் பகலில் மட்டும் லயத்துக்குப் போய்வரும் குழுக்களுக்கு உறவு கிடைப்பது அரிது. உள்ளூர்ச் சபை ஏற்பாடு செய்தால் வீடுகளில் தங்குங்கள். ஒரே வீட்டில் தங்குங்கள். ஆனால் அந்த வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையாக இருக்கலாம், உங்களுக்காக அவர்கள் அடுப்படியில் படுக்கலாம். அதைத் தடுக்க முயன்று அவமானப்படுத்தாமலும், அதை ஒரு சாகசமாகப் பேசாமலும் இருக்கப் பழக வேண்டும். அதிகாலையில் பெரட்டுக் களத்துக்கு (வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் இடத்துக்கு) போக வேண்டியவர்களை இரவு பன்னிரண்டு வரை பாட்டுக்கூட்டத்தில் உட்காரவைக்காதீர்கள். உங்களைக் கவனிக்க ஒருநாள் வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைய கூலி இல்லை; நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடிய செய்தியைப் படித்துவிட்டுப் போங்கள், அப்போது அந்த ஒருநாளின் எடை தெரியும். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வைத்தால் வயிறாரச் சாப்பிடுங்கள்; ‘எங்களுக்கென்று சிரமப்பட வேண்டாம்’ என்று தட்டை விலக்குவது பணிவுபோலத் தோன்றும் அவமதிப்பு. சபையார் கூடி உண்ணும் நம் பக்கத்து அசனப் பண்டிகையில் சோற்றை வேண்டாம் என்று எழுந்து போகிறவரை நாம் எப்படிப் பார்ப்போம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்க வேண்டுமானால் உள்ளூர்ப் போதகரோடு கலந்து, சபையின் வழியாகக் கொடுங்கள். தங்கிய வீட்டுக்கு மட்டும் இரகசியமாகக் கொடுத்தால், நீங்கள் போனபின் அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மனக்கசப்பு தங்கும். ஒரே லயத்தில் அடுத்த கதவு பெரும்பாலும் இந்துக் குடும்பமாகவே இருக்கும். பிறப்பிலும் இறப்பிலும் அவர்கள் ஒருவரையொருவர் நம்பித்தான் வாழ்கிறார்கள். நீங்கள் ஒலிபெருக்கியில் அவர்களுடைய சாமியைப் பழித்துவிட்டு வந்தால் அதற்கு முகம்கொடுக்க வேண்டியது உங்களைத் தங்கவைத்த குடும்பம். யாழ்ப்பாணத்தில் 1689இல் பிடிபட்டவர்கள் யார் என்பதை ஏன் முன்பே சொன்னேன் என்று இங்கே விளங்கும். அதேபோல, சுற்றுலா விசாவில் சென்று ஊழியக் கூட்டம் நடத்துவதைத் தைரியம் என்று சிலர் எண்ணுகிறார்கள்; அழைக்கும் சபையிடம் கேட்டு முறையான அனுமதியோடு போவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பிள்ளைகள் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். சிறுபிள்ளைகள் இரண்டே நாளில் உங்கள் மடியில் ஏறிக்கொள்வார்கள், ‘அக்கா, திரும்ப வருவீங்களா?’ என்பார்கள், நீங்களும் ஆம் என்றுவிடுவீர்கள். பிள்ளைகள் விடுதிகளில் இது இன்னும் கொடிது. வருகிற ஒவ்வொரு குழுவோடும் ஒட்டி, ஒவ்வொரு முறையும் அறுபடும் பிள்ளைக்கு அந்தப் பாசத்தால் கேடுதான் விளையும். வர முடியும் என்று தெரிந்தாலொழிய வருவேன் என்று சொல்லாதீர்கள். அவர்களைக் கட்டிப்பிடித்து எடுத்த படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். உங்கள் தங்கையின் படத்துக்கு எந்த நியாயமோ அதே நியாயம்தான் இங்கும்.

திரும்பிய பின் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உறவா உணர்ச்சியா என்பது அங்கேதான் தெரியவரும். இரண்டு வாரத்தில் கிடைப்பது அறிமுகம். அது குடும்பமாவதற்கு ஆண்டுகள் ஆகும், அதற்கு வழி மிகச் சாதாரணமானது: மாதம் ஒருமுறை தொலைபேசி, கிறிஸ்துமஸ் வாழ்த்து, மழைக்காலத்தில் மண்சரிவுச் செய்தி வந்தால் உடனே விசாரிப்பது. 2014 அக்டோபரில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது போன்ற செய்தி மறுபடியும் வரும்போது, அது உங்களுக்கு வெறும் செய்தியாக இருக்காது. அவர்கள் வீட்டில் சாவு விழுந்து உங்களுக்குச் சொல்லியனுப்பினால், கண்டிப்பாகப் பேசுங்கள். அவர்கள் பிள்ளையின் படிப்பைப் பற்றி உங்களிடம் ஆலோசனை கேட்கலாம். நீங்கள் தவறு செய்தால் ‘இது சரியில்லை, தம்பி’ என்று கடிந்தும் கொள்ளலாம். அந்தக் கடிதலை உங்கள் மனம் ஏற்கிறதா என்பதே நான் அறிந்த நல்ல அளவுகோல். உதவி பெறுபவர் உதவி செய்பவரைக் கடிந்துகொள்ள மாட்டார். அத்தையும் சித்தப்பாவும் கடிந்துகொள்வார்கள்.

கடைசியாக, உங்கள் சபைக் கமிட்டியிடம் புறப்படுவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அங்கிருந்து நான்கைந்து பேரை அடுத்த ஆண்டு உங்கள் ஊருக்கு அழைத்து, உங்கள் வீடுகளிலேயே தங்கவைத்து, ஆலயத்தில் அவர்களைப் பிரசங்கிக்க வைக்கச் சம்மதிப்பார்களா? பயணத்துக்குத் திரட்டும் காணிக்கையில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கச் சொல்லுங்கள். விசாவுக்கும் விமானக் கட்டணத்துக்கும் ஆகும் செலவு அவர்களுக்கு எட்டாதது. நீங்கள் பதினைந்து பேர் போவதற்குப் பதிலாகப் பத்துப் பேர் போனால் அது முடியும். கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு வரும். போகிறவர் எண்ணிக்கையைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. இருந்தாலும் பெயர்ப்பட்டியல் முடிவாவதற்குள் பேசிவிடுங்கள்.